பெரியவர்களுக்கான சமூகப் பராமரிப்பு: ஊரிலிருந்தே தொடங்கும் மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் விளிம்பில் ஒரு வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் கேரராக, அதாவது முடியாதவர்களை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவராக, வீடு வீடாகப் போவேன். மதியத்துக்கு மேல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்கிற கேள்விகளுக்கு அங்கேயே நின்றபடி முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இதில் உள்ள சட்டமும் தொகைகளும் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

அடல்ட் சோஷியல் கேர் என்பது என்ன? அதுவும் என்ஹெச்எஸ் தானே?

இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் பல குடும்பங்கள் முதலில் அடிபடுகின்றன. மருத்துவர், செவிலியர், மருத்துவமனைப் படுக்கை எல்லாம் என்ஹெச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவை. அதற்குப் பணம் கட்ட வேண்டாம். எழுந்து உட்கார, குளிக்க, உடுத்த, சாப்பிட, வெளியே போய்வர ஒருவருக்குத் துணை வேண்டுமென்றால் அது சமூகப் பராமரிப்பு. அதைப் பார்ப்பது உங்கள் ஊர் கவுன்சில். இங்கே வருமானமும் சேமிப்பும் கணக்கில் எடுக்கப்படும். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் செலவு பெரும்பாலும் முழுக்க உங்களுடையது. 14,250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் சேமிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். 2010லிருந்து இந்த வரம்புகள் நகரவே இல்லை. விலைவாசி எங்கே போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டிலேயே இருந்து பராமரிப்பு பெறுகிறவரின் சொந்த வீட்டு மதிப்பு இந்தக் கணக்கில் வராது. கேர் ஹோமுக்குப் போனால் வரலாம். கணவனோ மனைவியோ அந்த வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தால் அப்போதும் வராது.

இன்னொன்று. 'அடல்ட்' என்பதைப் பெரியவர்கள் என்று தமிழில் சொன்னதும் நம்மவர்கள் தாத்தா பாட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 18 வயது நிரம்பிய எல்லாரும் இதில் அடக்கம். ஆட்டிசத்தோடு இருக்கும் 25 வயது மகனுக்கும், விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கும் 40 வயது தங்கைக்கும் இதே சட்டம்தான்.

அப்படியென்றால் இதைச் சரிசெய்வது அரசாங்கத்தின் வேலை அல்லவா? ஏன் ஊர் மட்டத்தில்?

பணமும் சட்டமும் மேலிருந்து வர வேண்டியவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் கடமையைக் கவுன்சில்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. இங்கிலாந்தில் இந்தப் பொறுப்புள்ள கவுன்சில்கள் 153. அவற்றில் பெரும்பாலானவை பராமரிப்பைத் தாங்களே செய்வதில்லை. தனியார் நிறுவனங்களிடமும் தொண்டு அமைப்புகளிடமும் காசு கொடுத்து வாங்குகின்றன. ஆக லண்டன் அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை கிளம்பினால் கவுன்சில், நிறுவனம், மேற்பார்வையாளர், கேரர் என்று நாலு கை மாறித்தான் ஒரு படுக்கையறைக்குள் வந்து சேரும். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் கடைசிக் கையில் இருக்கிறார்கள்.

ஊரிலிருந்து தொடங்கும் மேம்பாடு என்று நான் சொல்வது அந்தக் கடைசிக் கையிலிருந்து கேள்வி கிளம்புவதை. பராமரிப்பு பெறுகிறவர், அவர் குடும்பம், கேரர், அந்தப் பகுதி சோஷியல் வொர்க்கர் எல்லாரும் உட்கார்ந்து எது சரியில்லை என்று முடிவு செய்ய வேண்டும். சரிசெய்யும் வழியைத் தேடும்போது, ஏற்கெனவே தெரிந்திருப்பதை, அதாவது ஆதாரத்தை, பார்த்துவிட்டுத் தேட வேண்டும்.

'ஆதாரம்' என்றால் ஆராய்ச்சிக் கட்டுரையா? அதை எங்களைப் போன்றவர்கள் படிக்க முடியுமா?

ஆராய்ச்சி அதில் ஒரு பகுதி. இந்தத் துறையில் மூன்று வகையைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்: ஆராய்ச்சி, பராமரிப்பு பெறுகிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் பட்டுத் தெரிந்துகொண்டது, வேலை செய்கிறவர்களின் கைப்பழக்கம். மூன்றில் எதுவும் மற்றதற்குக் கீழ் இல்லை. ஆனால் ஒன்றையொன்று திருத்தும்.

ஆராய்ச்சிக்கு ஓர் உதாரணம். நைஸ் என்ற தேசிய அமைப்பு 2015இல் வீட்டுப் பராமரிப்புக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. வீட்டுக்கு வருகிற கேரர் அரை மணி நேரத்துக்குக் குறைவாக வரக்கூடாது, மிகச் சில சூழல்களைத் தவிர என்று அதில் இருக்கிறது. வருகிறவர் ஏற்கெனவே பழகிய ஆளாக இருக்க வேண்டும், அது பெரிய பராமரிப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், வேலையும் மாத்திரை கொடுப்பது, நலமாக இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பது மாதிரி சின்னதாக இருக்க வேண்டும். அப்போது மட்டும்தான் குறைந்த நேரம். உங்கள் அப்பாவைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, கஞ்சி கொடுக்க 15 நிமிடம் என்று திட்டத்தில் எழுதியிருந்தால், இந்த வழிகாட்டுதலைச் சொல்லிக் கேள்வி கேட்கலாம். அதற்கு முழு அறிக்கையையும் படித்திருக்க வேண்டியதில்லை.

பட்டுத் தெரிந்துகொண்டது ஆதாரமாகுமா? ஒரு சின்ன உதாரணம் சொல்லுங்களேன்.

சொல்கிறேன். என்னை மாற்றிய விஷயமே இதுதான்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், 80 வயது தாண்டியவர், நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. மகள் வேலைக்குப் போன பிறகு காலையில் எங்கள் ஆட்கள் போவார்கள். வீட்டில் இருக்கும் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: 'குளிக்க மறுத்தார்.' ஒரு வாரத்தில் ஐந்து நாள் அப்படி. மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதினார். மறதி நோய் கூடுகிறதா என்று மருத்துவரிடம் கேட்கப் போவதாகவும் பேச்சு.

அந்த வாரம் நான் போனேன். ஷவரைத் திறந்து தண்ணீரின் சூட்டைக் கையில் பார்த்துக்கொண்டு, "வாங்கம்மா, குளிக்கலாம்" என்றேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இண்டைக்கு முழுகேலாது பிள்ளை. தடிமன் பிடிச்சிடும். மேல் கழுவினாக் காணும்" என்றார்.

நான் மதுரைப் பக்கம். எனக்கே அது ஒரு நொடி தாமதமாகத்தான் புரிந்தது. தலையோடு குளிப்பது அவருக்கு முழுகுவது, சளி அவருக்குத் தடிமன். அது வெள்ளிக்கிழமை வேலை. மற்ற நாளில் கழுத்துக்குக் கீழே மேல் கழுவினால் போதும். நாங்கள் மேலுக்குக் குளிப்பது என்று சொல்வோமே, அதேதான். சுவரில் உயரத்தில் பொருத்திய ஷவரோ திறந்தவுடன் தலையில் கொட்டுகிறது. அவர் மறுத்தது குளியலை இல்லை. நனைந்த தலையோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைத்தான்.

பிளாஸ்டிக் முக்காலி ஒன்று, வாளி, ஒரு செம்பு. செம்பை அவர் கையிலேயே கொடுத்தேன். முதல் செம்புத் தண்ணீரைத் தோளில் அவரே ஊற்றிக்கொண்டார். நான் முதுகை மட்டும் தேய்த்தேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. 'மறுத்தார்' என்று யார் எழுதினாலும், பக்கத்தில் அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரு மாதம் முயன்று பார்த்தோம். மொழி புரியாத கேரர் என்றால் அவர் செய்த சைகையை எழுதட்டும். மாதக் கடைசியில் அந்தத் தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தபோது, ஒருவருக்குக் குளியலறைத் தரையின் குளிர், இன்னொருவருக்கு ஆண் கேரர், வேறொருவருக்குக் காலைத் தொழுகை நேரம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எல்லாமே எங்கள் கைக்குள் தீர்கிற விஷயங்கள். 'ஒத்துழைக்காதவர்' என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் எழுதவில்லை.

வேறு ஊரில் நன்றாக நடக்கும் திட்டத்தை அப்படியே கொண்டுவந்தால் வேலை எளிதல்லவா?

எளிதாகத்தான் தோன்றும். நெதர்லாந்தின் பூர்ட்ஸோர்க் நல்ல பாடம். செவிலியரான யோஸ் டி பிளாக் 2006இல் தொடங்கியது. 12 பேருக்கு மிகாத சிறு குழுக்கள், மேலாளர் கிடையாது, ஒரு வட்டாரத்தை அந்தக் குழுவே பார்த்துக்கொள்ளும். யார் எப்போது போவது, எவ்வளவு நேரம் இருப்பது எல்லாம் அவர்களே முடிவு செய்வார்கள். உலகமே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இங்கிலாந்திலும் சில இடங்களில் முயன்றார்கள். எதிர்பார்த்ததுபோல் எளிதாக ஒட்டவில்லை. காரணம் யாருடைய சோம்பலும் இல்லை. அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் குளிப்பாட்டுவதையும் ஒரே செவிலியர் செய்யலாம். இங்கே கட்டு என்ஹெச்எஸ் கணக்கு, குளியல் கவுன்சில் கணக்கு. பணம் இரண்டு பையிலிருந்து வரும்போது ஒரே குழுவாக வேலை செய்வது பெரும்பாடு.

இன்னொரு பக்கம், லோக்கல் ஏரியா கோஆர்டினேஷன் என்ற முறை மேற்கு ஆஸ்திரேலியாவில் 1988இல் தொடங்கி, 2012இல் இங்கிலாந்தின் டார்பி நகரத்துக்கு வந்து, பிறகு வேறு ஊர்களுக்கும் போனது. ஒரு வட்டாரத்துக்கு ஓர் ஆள். அவரிடம் போக விண்ணப்பம் வேண்டாம், தகுதிச் சோதனை இல்லை. "உங்களுக்கு என்ன சேவை வேண்டும்" என்று அவர் தொடங்குவதில்லை. "உங்களுக்கு நல்ல வாழ்க்கை என்றால் எப்படி இருக்கும்" என்று கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் யார் எதில் கைகொடுக்க முடியும் என்று முதலில் பார்ப்பார். இது நிலைத்ததற்கு, அந்த ஆள் அந்த வட்டாரத்திலேயே சுற்றி, முகம் பழகி, பெயர் தெரிந்தவராக இருப்பது முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். லீட்ஸில் 1980களில் தொடங்கிய நெய்பர்ஹுட் நெட்வொர்க்குகளும் அப்படித்தான். நகரம் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட சிறு அமைப்புகள், ஒவ்வொன்றையும் அந்தந்தப் பகுதி மக்களே நடத்துகிறார்கள், கவுன்சில் நிதி தருகிறது. ஒரு பகுதியில் மதியச் சாப்பாடு, இன்னொரு பகுதியில் தோட்ட வேலை. உருவம் வேறு வேறு.

எனவே, ஒரு திட்டத்தைப் பார்க்கும்போது அதில் எது உயிர், எது உடை என்று பிரித்துப் பாருங்கள். உடையை மாற்றலாம்.

இந்த மாதிரி முயற்சிக்கு உதவி செய்ய யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். இம்பாக்ட் என்ற மையம் 2021இலிருந்து இயங்குகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. பேராசிரியர் ஜான் கிளாஸ்பி வழிநடத்துகிறார். பொருளாதார, சமூக ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹெல்த் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 1.5 கோடி பவுண்டு கொடுத்துத் தொடங்கிவைத்தவை. ஆராய்ச்சியை அலமாரியில் வைக்காமல் வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் இதன் நோக்கம். தன் ஆள் ஒருவரை ஒரு சேவையோடு சேர்ந்து வேலை செய்ய அனுப்புவது ஒரு வழி. ஒரே பிரச்சினை உள்ள பல ஊர்களில் சிறு குழுக்களைக் கூட்டி, ஒரே ஆதாரத்தை எல்லாரும் படித்துப் பேசி, தங்கள் ஊரில் ஏதாவது செய்து பார்க்க வைப்பது இன்னொரு வழி. மேலே சொன்ன மூன்று வகை ஆதாரம் என்ற பார்வையை அழுத்திச் சொல்கிறவர்களும் இவர்கள்தான்.

இவர்களைத் தவிர, வழிகாட்டிக் கையேடுகளுக்கு ஸ்கை (SCIE) என்ற அமைப்பு, பணியாளர் பயிற்சிக்கும் பணியாளர் கணக்குகளுக்கும் ஸ்கில்ஸ் ஃபார் கேர். இரண்டின் தளத்திலும் இலவசமாகப் படிக்க நிறைய இருக்கிறது.

சிக்யூசி கவுன்சில்களையும் சோதிக்கிறதாமே? அது போதாதா?

ஆம், பராமரிப்புச் சேவைகளைச் சோதிக்கும் அமைப்பான சிக்யூசி, 2023லிருந்து கவுன்சில்கள் தங்கள் பராமரிப்புக் கடமையை எப்படிச் செய்கின்றன என்றும் பார்த்துத் தரம் போடுகிறது. எங்கே ஓட்டை என்று அது காட்டும். அடைப்பது வேறு வேலை.

ஆளும் இல்லை, பணமும் இல்லை. இதில் மேம்பாடு என்று பேசுவது ஏமாற்று இல்லையா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்கிறவர்கள் பக்கம்தான் நான். ஸ்கில்ஸ் ஃபார் கேர் கணக்குப்படி 2021–22இல் இந்தத் துறையில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாக இருந்தன. 2024–25இல் அது ஏழு அளவுக்கு இறங்கியது. இறங்கியதற்குப் பெரிய காரணம் 2022 பிப்ரவரியில் கேரர்களுக்குத் திறந்த விசா. இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வந்தவர்கள்தான் இந்தத் துறையைத் தாங்கினார்கள். 2024 மார்ச்சிலிருந்து குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். சமூகப் பராமரிப்பைச் சீர்செய்ய லூயிஸ் கேசி தலைமையில் அரசு அமைத்த ஆணையம் 2025இல் வேலையைத் தொடங்கியது. நீண்டகாலத் தீர்வு பற்றிய அதன் இறுதி அறிக்கைக்குக் குறித்திருப்பது 2028.

அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செம்பும் வாளியும் சம்பளத்துக்கு மாற்று இல்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி வேலை நேரம்தான். அதைக் கணக்கில் சேர்க்காத இடத்தில் 'தரம் உயர்த்துவோம்' என்று சுவரொட்டி ஒட்டுவதில் பயனில்லை. ஆனால் 2028 வரை அந்த அம்மா குளிக்காமல் இருக்க முடியாதே. இரண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

நான் கேரர். எனக்கு ஏது நேரம்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். உங்களை உறுத்துகிற ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். இரண்டு வாரம் எண்ணுங்கள்: எத்தனை முறை நடக்கிறது, எப்போது, யார் வீட்டில். பிறகு ஒரு சின்ன மாற்றம், ஒரே ஒரு வீட்டில். மறுபடி எண்ணுங்கள். எண்ணாமல் மேலாளரிடம் போனால் அது புலம்பல் என்று காதில் விழும். எண்ணிக்கொண்டு போனால் பதில் சொல்லியாக வேண்டும். பெயர், முகவரி எதையும் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

மாற்றம் பலிக்காமலும் போகும். ஒருமுறை நானும் சக கேரர்களும் சேர்ந்து தண்ணீர் குடிப்பதை நினைவூட்ட வண்ண அட்டைகள் செய்து வீடுகளில் ஒட்டினோம். யாரும் ஒரு வாய் கூடக் கூடுதலாகக் குடிக்கவில்லை. மூன்றாம் வாரம் எடுத்துவிட்டோம். அதையும் பதிவில் எழுதினோம், அடுத்தவர் அதே அட்டையை வெட்டி நேரத்தைச் செலவழிக்க வேண்டாமே.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் என்ன தனிச் சிக்கல்?

"அவர்கள் தங்கள் ஆட்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்" என்ற எண்ணம் அலுவலகங்களில் இருக்கிறது. நாமும் அதற்கு இடம் கொடுக்கிறோம். அம்மாவைக் கவனிக்க வெளியாள் வருவதா, ஊர் என்ன சொல்லும் என்று மருமகளோ மகளோ இடுப்பு ஒடிய ஒடியச் செய்கிறார்கள். கேட்காதவர்களுக்குத் தேவையில்லை என்று கணக்கில் ஏறிவிடுகிறது.

அடுத்தது மொழி. சோஷியல் வொர்க்கர் வரும்போது மகனோ பேத்தியோ மொழிபெயர்க்கிறார்கள். சிறுநீர் கட்டுப்பாடு இல்லை என்பதை எந்தத் தாய் மகன் வாயால் சொல்ல வைப்பாள்? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், தமிழ் என்று மட்டும் சொல்லாமல் இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் சொல்லுங்கள். 'தடிமன்' என்றால் சளி என்று தெரியாத ஒருவர் மொழிபெயர்த்தால் உடல் பருமன் என்று பதிவாகக்கூடும்.

நாம் 'எட்டாத சமூகம்' என்று கவுன்சில் கூட்டத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் கோயில் அன்னதானப் பந்திக்கு வந்தால் எழுபது எண்பது வயதுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் போதும். சங்கமோ கோயிலோ நடத்துகிறவர்கள், கவுன்சிலின் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதி அவர்களை அங்கே அழையுங்கள்.

சரி, என் அம்மாவுக்கு உதவி வேண்டும். முதலில் என்ன செய்ய வேண்டும்?

கவுன்சிலின் அடல்ட் சோஷியல் கேர் எண்ணுக்குக் கூப்பிட்டு இரண்டு சொற்றொடர்களைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு 'நீட்ஸ் அசெஸ்மென்ட்', அவரைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு 'கேரர்ஸ் அசெஸ்மென்ட்'. இரண்டும் கேர் ஆக்ட்படி தனித்தனி உரிமை. சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் தேவையை மதிப்பிட மறுக்கக் கூடாது. பணப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

அவர்கள் வருவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். இரவில் எத்தனை முறை எழுப்பினார், மாடிப்படியில் எங்கே நின்று மூச்சு வாங்கினார், எதை இப்போது செய்வதில்லை. வருகிற அன்று அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பார். அந்தக் குறிப்புதான் அப்போது பேசும்.

பராமரிப்பைக் கவுன்சில் ஏற்பாடு செய்வதற்குப் பதிலாக 'டைரக்ட் பேமென்ட்' ஆகப் பணத்தைக் கையில் வாங்கி, தமிழ் தெரிந்த ஒருவரை நீங்களே அமர்த்தவும் முடியும். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்கு அதிலிருந்து சம்பளம் கொடுக்கப் பொதுவாக அனுமதி இல்லை, கவுன்சில் அவசியம் என்று ஒப்புக்கொண்டால் ஒழிய. தன் தேவையை எடுத்துச் சொல்வது மிகவும் கடினம், துணைக்குப் பேச ஏற்ற ஆளும் இல்லை என்றால், அவர் சார்பில் பேச தனியாக ஒருவரை, 'அட்வகேட்' என்பார்கள், வக்கீல் இல்லை, கவுன்சில் ஏற்பாடு செய்தாக வேண்டும். முடிவு தவறு என்று தோன்றினால் முதலில் கவுன்சிலிடமே எழுத்தில் புகார். அங்கே தீராவிட்டால் கவுன்சில் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

பராமரிப்புத் திட்டத்தின் நகல் கைக்கு வந்ததும் ஒரு தடவை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த வரியில் முகம் சுளிக்கிறாரோ அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, அடுத்த முறை சோஷியல் வொர்க்கர் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வையுங்கள்.